ஒரு பெயருக்குள் இருந்த இரண்டு உயிர்கள்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் ‘ஹசி கச’ எனத் தனியே பிரித்து வாங்கப்படும் ஈரக் கழிவைத் தமிழ் ‘மக்கும் குப்பை’ என்கிறது. மக்குவது காற்றுள்ள குழியில் நிகழ்வது. மூடிய கலத்தில், காற்றின்றி, எரிவாயு பிறக்கும்படி நிகழ்வதற்கு நொதித்தல் என்பதே நெருங்கிய சொல்.

இந்நகரில் இவ்வாராய்ச்சிக்கு நூறாண்டுப் பழமை உண்டு. கில்பர்ட் ஃபவுலர் 1916-இல் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு வந்தார். 1921-இல் உயிர்வேதியியல் துறையின் முதல் தலைவரானார். மான்செஸ்டரில் ஆர்டர்னும் லாக்கெட்டும் 1914-இல் அறிவித்த, காற்றூதிக் கழிவுநீரைத் தூய்மையாக்கும் முறைக்குத் தூண்டுகோலாக இருந்தவர் அவரே. பெங்களூரில் செல்லுலோஸ் நொதித்தலும் அவரது ஆய்வுப்பொருளாயிற்று. பம்பாய் மாட்டுங்கா தொழுநோயாளர் இல்லத்தில் கழிவுத் தொட்டி வாயு 1897-இலேயே பயன்பாட்டுக்கு வந்திருந்தது.

ஆனால் அவ்வாயுவை ஆக்குவது எது? எத்தனாலை மீத்தேனாக்கும் உயிர் ஒன்றைப் பிரித்தெடுத்ததாக பார்க்கர் 1940-இல் அறிவித்தார். ஓமெலியான்ஸ்கியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பல ஆண்டுகள் அப்பெயர் நிலைத்திருந்தது. 1967-இல் பிரயண்டும் உடனாய்வாளர்களும் அது இரண்டு உயிர்கள் எனக் காட்டினர். ஒன்று எத்தனாலை அசெட்டேட்டாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுகிறது. மற்றது அந்த ஹைட்ரஜனை உண்டு மீத்தேன் விடுகிறது. ஹைட்ரஜன் தேங்கினால் முதலாவதன் வேலை நின்றுவிடும். துணையின்றித் தழைக்காததால்தான் இரண்டும் ஒன்றெனத் தோன்றின. 1977-இல் வோஸும் ஃபாக்ஸும் மீத்தேனாக்கிகள் பாக்டீரியாவே அல்ல என்றனர்; ‘மெத்தனோபாக்டீரியம்’ என்ற பேரினப் பெயர் மட்டும் இன்றும் மாறவில்லை. பெயர்கள் அறிவைவிட மெதுவாகவே நகர்கின்றன.

இந்தக் கூட்டுவாழ்வைச் சிற்றூர் ஒன்று நடைமுறையில் கண்டது. அமுல்யா ரெட்டி 1974-இல் இந்திய அறிவியல் நிறுவனத்தில் தொடங்கிய ‘அஸ்த்ரா’ மையம், தும்கூர் மாவட்டப் புரா கிராமத்தில் பொதுச் சாண எரிவாயுக் கலம் அமைத்தது. சமையலுக்கு வாயு போதவில்லை. 1987 முதல் அதே வாயு மின்சாரமாகி, விளக்குக்கும் குடிநீருக்கும் உதவியது. சாணம் கொணர்ந்தோர்க்குக் கூலியும் உண்டு.

சாணத்தில் மீத்தேனாக்கிகள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. அமிலத்தைத் தாங்கும் திறனும் அதற்குண்டு. மீந்த சோறும் பழத்தோலும் அப்படியல்ல. அவற்றில் அமிலமாக்கிகள் விரைந்து பெருகும். மீத்தேனாக்கிகள் மெல்லவே வளரும். ஒரே நாளில் அளவுக்கு மீறிக் கொட்டினால் கலம் புளித்து, வாயு நின்றுபோகும். குப்பைமேடாக இருந்த மண்டூர் 2014-இல் மூடப்பட்டபின் கழிவை எங்கே கொண்டுசெல்வது என்று தவித்த மாநகரில், சமையற்கழிவுக் கலத்தைத் தொடங்குவோர் இன்றும் முதலில் தேடுவது சில வாளிச் சாணத்தைத்தான்.