நைதரசனேசு: தூய்மையாக்கலில் ஒரு பாடம்

வளியின் ஐந்தில் நான்கு பங்கு நைதரசனாயினும், அதனை அமோனியாவாக மாற்றும் நொதியமான நைதரசனேசு சில நுண்ணுயிர்களிடத்தே மாத்திரம் உண்டு. 1960 இல் அமெரிக்காவின் டியூபொன்ற் ஆய்வுகூடத்திற் கார்ணகான், மோட்டென்சன் முதலியோர், குளொஸ்ரிடியம் பாஸ்ரூரியானம் என்னும் பற்றீரியாவின் கலங்களை உடைத்துப் பெற்ற சாற்றில் நைதரசன் பதிக்கப்படுவதை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டினர்.

ஆயின் அந்நொதியத்தைத் தூய்மையாக்கல் எளிதாக அமையவில்லை. ஒட்சிசன் பட்டதும் அது அழிந்தது. நொதியங்களைக் குளிரிற் பேணுவதே ஆய்வுகூட மரபு. இச்சாறோ 0 பாகை செல்சியசில் ஆற்றல் இழந்ததை 1963 இல் துவாவும் பரிசும் எடுத்துக்காட்டினர். காக்குமென நம்பிய முறையே கேடாயிற்று.

1960களின் நடுப்பகுதியில் நைதரசனேசு இரு புரதங்களாகப் பிரிக்கப்பட்டது. தனித்தனியே அவை செயலற்றிருந்தன. ஒன்றுசேர்த்தபோது செயல் மீண்டது. இழப்பெனத் தோன்றியதே கண்டுபிடிப்பாயிற்று. குளிருக்கு நலியும் இரும்புப் புரதம் இலத்திரன்களை வழங்குகின்றது. மொலிப்டினமும் இரும்பும் கொண்ட மற்றையது நைதரசனைத் தாழ்த்துகின்றது. 1992 இல் கிம், றீஸ் ஆகியோர் இவ்வுலோகத் தொகுதியின் அமைப்பை வெளியிட்டனர். அதன் நடுவிலுள்ள அணு காபன் என்பது 2011 இலேயே தெளிவாயிற்று.

பொது விதியைக் கைக்கொள்வதோடு ஆய்வாளன் பணி முடிவதில்லை. விதி பொய்க்குமிடத்தில் நின்று, காரணத்தை வினாவுதலும் அவன் கடனாகும்.