சிறு தொழிலும் மனுவின் மொழியும்

சிறு தொழில் செய்வோருக்கு முதல் தேவை மூலதனம் என்பது யாவரும் கூறும் வார்த்தை. அதற்கு இணையான மற்றொரு தேவையும் உண்டு. தமது குறையை அரசாங்கத்தின் செவியில் விழுமாறு எடுத்துரைக்கும் வழியே அது. இவ்விரண்டும் கேரளத்து எல்லைத் தமிழருக்கு எவ்வாறு கிட்டின என்பதை இங்கு நோக்குவோம். அயல் மாநிலங்களில் கடையும் பட்டறையும் நடத்தும் நம்மவர்க்கு இவ்வரலாறு பயன் தரும்.

நாடு விடுதலை பெறுமுன் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. அதனை அடுத்த சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தெற்கே தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூருக்கு உட்பட்டவை. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் கைத்தொழில் இலாகா மாகாண மந்திரிகளின் பொறுப்பில் வந்தது. அதன் பயனாக 1922-ல் சென்னைச் சட்டசபை கைத்தொழில்களுக்கு அரசாங்க உதவி அளிக்கும் சட்டத்தை இயற்றியது. இச்சட்டம் பாலக்காட்டுக்குப் பொருந்தும். சில மைல் தொலைவிலுள்ள சித்தூருக்குப் பொருந்தாது. ஒரே சந்தையில் பொருள் விற்கும் இருவருள் ஒருவர் உதவி கோரலாம். மற்றவர் வேறொரு அரசாங்கத்தை நாட வேண்டும். சட்டம் பொருந்திய இடத்திலும், ஈடு காட்ட நிலமோ கட்டடமோ இல்லாத தொழிலாளிக்குக் கடன் எளிதில் கிட்டவில்லை.

இக்குறையை நீக்கும் நோக்குடன் 1951-ல் பாராளுமன்றம் மாநில நிதிக் கழகச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி 1953-ல் திருவிதாங்கூர்-கொச்சி நிதிக் கழகம் தோன்றியது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது மேற்கூறிய மூன்று பகுதிகளும் கேரளத்தில் ஒன்றுசேர்ந்தன. அக்கழகமும் கேரள நிதிக் கழகமாயிற்று. பாலக்காடு ஜில்லா 1957-லும், இடுக்கி ஜில்லா 1972-லும் அமைந்தன.

உதவி ஒரே கூரையின் கீழ் வந்தது. ஆனால் எல்லைத் தமிழரின் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் உரிய உத்தரவுகளும் படிவங்களும் பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தன. படிவத்தைப் படிக்க இயலாதவர் இடைத்தரகரை நாடுவார். உதவியில் ஒரு பங்கு அவருக்கே கூலியாகும். மொழி இங்கே வெறும் பெருமைக்குரிய பொருளன்று. வரவு செலவுக் கணக்கில் இடம்பெறும் பொருள் என்பதை நாம் உணர வேண்டும்.

நமது அரசியல் சாசனத்தின் 350-ஆம் பிரிவு இதனைக் கருதியே அமைந்தது. குறை தீர்க்க வேண்டி எந்த அதிகாரிக்கும், இந்தியாவிலோ அம்மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எவரும் மனுச் செய்யலாம் என்கிறது அது. பதிலும் அம்மொழியில் வரவேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. கேரளம் 1969-ல் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும், சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களுடனும் தம் மொழியில் கடிதம் நடத்தவும், அம்மொழியிலேயே பதில் பெறவும் அது வகை செய்தது.

பிற்காலத்தில் வேறு வழிகளும் திறந்தன. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளரும் சேவைத் தொழில் செய்வோரும் விற்ற சரக்குக்கோ செய்த பணிக்கோ 45 நாட்களுக்கு மேல் பணம் நிலுவையில் நிற்கலாகாது. தவறினால் மாநில அரசு அமைக்கும் வசதிக் குழுவிடம் முறையிடலாம். நிலுவைக்குக் கூட்டுவட்டியும் உண்டு. கேரளம் 2019-ல் இயற்றிய சட்டமோ, புதிதாகத் தொழில் தொடங்குவோர் உறுதிமொழி அளித்து, பல அனுமதிகளுக்குக் காத்திராமல் மூன்றாண்டுகள் தொழில் நடத்த இடமளித்தது.

இச்சட்டங்கள் தாமாக வாயிற்படிக்கு வந்து நிற்பவை அல்ல. தனி மனிதர் கேட்டுக் கிடைக்காதது பலர் கூடிக் கேட்கும்போது கிடைக்கிறது. வியாபாரிகள் சங்கங்களின் பயன் இதுவே. ஆகவே எம்மாநிலத்தில் வாழினும் நம்மவர் அவ்வூர்ச் சங்கத்தில் சேர்தல் நலம். அந்நாட்டு மொழியைக் கற்பதும் கடமை. கற்று முடியும் வரை, சரக்குச் சீட்டையும் மனுவின் நகலையும் பத்திரப்படுத்தி, தமிழிலேயே மனுச் செய்யும் உரிமையைக் கைவிடாதிருப்போமாக.