முகச் சத்திரசிகிச்சைக்குப் பின்னான ஓய்வு: கரடியனாற்று உழைப்பாளரை முன்வைத்து

முகச்சுருக்கம் நீக்கும் சத்திரசிகிச்சை வசதியுள்ளோர் தேடிச் செல்வது. கரடியனாற்று வயற்காரருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். ஆனால் காதின் முன்னால் தொடங்கி, மடலின் அடியால் வளைந்து, பின்புற மயிரோரம்வரை செல்லும் அதே கீறலினூடாகக் கன்னச் சுரப்பிக் கட்டிகளும் அகற்றப்படுகின்றன. இரண்டிலும் தோலைப் பிரித்தெடுத்து மீண்டும் படியவைக்கிறார்கள். ஆதலால் காயம் ஆறும் விதமும் அதன் ஆபத்துகளும் பெரிதும் ஒத்தவை. வீடு திரும்பும் உடல் எந்த வேலைக்குத் திரும்புகிறது என்பதில்தான் வேறுபாடு. வழக்கமான அறிவுறுத்தல்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முகச்சுருக்கச் சத்திரசிகிச்சையில் அதிகம் நேரும் சிக்கல், பிரித்த தோலின் கீழ் குருதி தேங்குவது. பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலங்களுக்குள் நிகழும். ஒரு பக்கக் கன்னம் திடீரென வீங்கி இறுகி நோவு கூடினால் தாமதிக்க முடியாது. தேங்கிய குருதியை வெளியேற்றாவிடில் மேலுள்ள தோல் கருகிவிடக்கூடும். செங்கலடியைத் தாண்டிப் பதுளை வீதியில் உள்ளே வசிப்பவர் நடுச்சாமத்தில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு எப்படி வருவார்? முதலிரு இரவுகளை அவர் வார்ட்டிலோ நகரத்து உறவினர் வீட்டிலோ கழிப்பதைச் சிகிச்சையின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

‘கடும் உடற்பயிற்சியைத் தவிர்க்கவும்’ என்ற வரி இங்கு யாரையும் தொடாது. கிணற்றில் தண்ணீர் அள்ளுபவரைக் கவனியுங்கள்: குனிந்து, மூச்சை அடக்கி, பல்லைக் கடித்துக் கயிற்றை இழுக்கும் கணத்தில் கழுத்து நாளங்கள் புடைக்கின்றன. தவிர்க்க வேண்டிய அழுத்தம் இதுதான். நெல்மூட்டை தூக்குவதும், களை பிடுங்குவதும், குனிந்து அடுப்பூதுவதும் அவ்வாறே. மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் காதோரத் தையலை நேரே இழுக்கும். காது மடல் மாதக்கணக்கில் மரத்திருக்கக்கூடும் என்பதால் உரசுவதே தெரியாது; சூடான ஒத்தடம் சுடுவதும் தெரியாது. மூன்று வாரத்தில் தையல் ஆறியதுபோல் தோன்றினாலும், காயம் அப்போது பழைய வலுவின் மூன்றிலொரு பங்கைக்கூட எட்டியிராது.

புகையிலை பற்றிய அறிவுறுத்தலில்தான் பெரிய ஓட்டை. புகைப்போருக்குத் தோல் கருகும் ஆபத்து 12 மடங்குக்கு மேல் என்று, முகச்சுருக்கச் சத்திரசிகிச்சை பெற்றோரை ஆராய்ந்த ரீஸும் அவரது சகாக்களும் 1984இல் எழுதினர். ‘புகைக்க வேண்டாம்’ என்றால், வெற்றிலையோடு புகையிலை போடும் ஆச்சி அது தனக்கில்லை என்றே கொள்வார். வாயில் அடக்கும் புகையிலையின் நிக்கொட்டினும் குருதிக்குழாய்களைச் சுருக்கவே செய்கிறது. மெல்லும் அசைவு வேறு, புதுத்தையலுக்கு அருகிலேயே நடக்கிறது. வைத்தியர் வெற்றிலையைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.

நம் மக்களுக்குக் கட்டுப்பாடு புதிதல்ல. காயம்பட்டவருக்குக் கிரந்தி என்று இறால், நண்டு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திப் பத்தியம் காக்கும் குடும்பம், நாலாம் நாள் அவரே தண்ணீர் அள்ளுவதைத் தடுப்பதில்லை. புண் ஆறப் புரதம் தேவை; ஒவ்வாமை இல்லாதவருக்கு மீனையும் முட்டையையும் மறுப்பதால் நட்டமே. ஆனால் பத்தியத்தை மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் தவறு என்பேன். நோயாளிக்காக வீடே ஒழுங்கு மாறும் வழக்கம் அதனுள் இருக்கிறது. உணவின்மேல் உள்ள அந்தக் கண்டிப்பைக் குனிவதன்மேலும் சுமப்பதன்மேலும் திருப்ப வேண்டும். அதற்கு அறிவுறுத்தலை நோயாளிக்கு மட்டுமன்றி, தண்ணீர் அள்ளப்போகும் மகனுக்கும் அடுப்பைப் பார்க்கப்போகும் மருமகளுக்கும் சொல்ல வேண்டும்.

திகதியையும் வயலைப் பார்த்தே வைக்கலாம். பெரும்போக விதைப்பு மாதங்களில் ஓய்வெடு என்பது பட்டினி கிட என்பதற்குச் சமம். அவசரமற்ற கட்டியாயின், அறுவடை முடிந்து சிறுபோகம் தொடங்குமுன் உள்ள பங்குனி இடைவெளியைத் தெரிவுசெய்யலாம். அப்போது வெயில் கடுமை. தழும்பு கருக்காமலிருக்க முகத்தை மறைக்கத் துணி வேண்டும். ஆயினும் அந்த வாரங்களில்தான் கூலி இழக்காமல் படுத்திருக்க அவரால் முடியும்.