முதல் தாங்கும் எடுப்பு

போடிநாயக்கனூர் ஏலக்காய் மின் ஏல மையத்துக்கு வெளியே, 45 வயதில் வேலையை விட நினைக்கும் தம்பி ஒருவர் சொன்னார்: “வித்ட்ராயல் ரேட் நாலு பர்சன்ட் வச்சாப் போதும்ணே. முதல்ல கை வைக்காம ஓய்வூதியம் மாதிரி வந்துக்கிட்டே இருக்கும்.” அந்த ‘முதல்’ என்னை உறுத்தியது. தொடக்கம், காரணம், வேர், அடிமரம், வணிகத்தில் போடும் பணம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். முதலாளி, முதலீடு, கைமுதல் அதன் கிளைகள். 449ஆம் குறளில் ‘முதல்’ என்பது மூலதனம். ஊதியம் அதனால் வரும் ஆதாயம். இன்று ஊதியம் சம்பளமாகச் சுருங்கி, ஓய்வோடு சேர்ந்து பென்ஷனாகிவிட்டது. முதலைக் கடித்துத் தின்பதற்கும் ஊதியம் என்றே பெயர் வைத்தால் ஆபத்து. 1994இல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் சொன்ன கணக்கு வேறு: முதல் ஆண்டு 4 சதவீதம், பிறகு விலைவாசிக்கேற்ப உயர்த்தி எடுத்தாலும் பணம் 30 ஆண்டு தாங்கும் என்பதே. முதல் குறையாது என்று அவர் சொல்லவில்லை. 45 வயதுக்காரருக்கு அந்த 30 ஆண்டும் போதாது. இன்னும் குறைவாகத்தான் எடுக்க வேண்டும். மலையில் பாருங்கள்: ஏலச்செடியின் தூரடியில், அதாவது முதலில், கிளம்பும் சரத்தில்தான் காய். விளைந்ததை மட்டும் கிள்ளி, பூவையும் பிஞ்சையும் விட்டுவைப்பார்கள். சரம் ஒடிந்தால் அடுத்த எடுப்பு இல்லை. அதனால் தம்பி சொன்ன வித்ட்ராயல் ரேட்டை நான் ‘முதல் தாங்கும் எடுப்பு’ என்பேன். எவ்வளவு வேண்டும் என்பதற்கு முன், எவ்வளவு தாங்கும் என்று அந்தச் சொல்லே கேட்கும்.