பாரிஸ் மாணவரின் ஆறு வாரங்கள்

தூக்கம் வராமல் புரண்டு படுக்கும் இரவுகளில் நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் சில சொற்கள் உண்டு. ‘என்னால் ஆகாது. நான் தேறமாட்டேன். கடவுளும் என்னைக் கைவிட்டுவிட்டார்.’ பகலில் இதை யாரிடமும் சொல்ல மாட்டோம். கோவிலுக்குப் போகிறோம், செபமாலை சொல்கிறோம், ஆனாலும் இந்தக் குரல் அடங்குவதில்லை. விசுவாசம் குறைந்தவர்களுக்குத்தான் இப்படி வரும் என்று நாம் நினைத்தால், புனித பிரான்சிஸ் சலேசியாரின் இளமைக் காலத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அவர் 1567ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள், சவோய் நாட்டில் தொரேன்ஸ் என்னும் இடத்தில் உயர்குடியில் பிறந்தவர். மகன் சட்டம் படித்துப் பெரிய பதவிக்கு வரவேண்டும் என்பது தந்தையின் ஆசை. பாரிஸில் இயேசு சபையினர் நடத்திய கிளெர்மோன் கல்லூரியில் சேர்த்தார்கள். நன்றாகப் படித்தார், பக்தியாகவும் இருந்தார். குறைசொல்ல ஒன்றுமில்லாத பிள்ளை.

அக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் ஒரு கேள்வி பேசப்பட்டது. மீட்புப் பெறுவோர் யார், அழிவோர் யார் என்று கடவுள் முன்னதாகவே குறித்துவிட்டாரா? ஜெனீவாவில் கால்வின் இதைப் போதித்து மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கத்தோலிக்க இறையியலாரிடையேயும் இதுபற்றிக் கடும் விவாதம் நடந்தது. மற்ற மாணவர்களுக்கு அது வகுப்பறைப் பாடம். பத்தொன்பது வயதுப் பிரான்சிஸுக்கோ அது நெஞ்சில் தைத்த முள்ளாயிற்று. 1586ஆம் ஆண்டின் கடைசியில், ‘அழிவுக்கெனக் குறிக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன்’ என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய ஆறு வாரங்கள் உணவு இறங்கவில்லை, உறக்கம் இல்லை. உடல் மெலிந்து, மெழுகுபோல் மஞ்சள் பூத்துப் போனார்.

நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாவத்தில் புரண்ட ஒருவருக்கு வந்த அச்சமல்ல இது. கடவுளை அன்பு செய்த ஒருவருக்கு, அவரை என்றென்றும் இழந்துவிடுவோமோ என்று வந்த அச்சம். அதனால்தான் நல்ல புத்திமதிகளால் அதை விரட்ட முடியவில்லை. (மனச்சோர்வு நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.)

ஒருநாள் வழியில் இருந்த ஒரு கோவிலுக்குள் நுழைந்தார். புனித ஸ்தேவான் பெயரால் வழங்கிய பழைய கோவில் அது. உள்ளே கறுப்பு நிற மாதா சுரூபம் ஒன்று இருந்தது. நல்ல விடுதலையின் அன்னை என்று மக்கள் அழைத்தார்கள். அவர் முழந்தாளிட்டார். அங்கே பலகையில் ஒட்டியிருந்த ஒரு செபத்தைக் கையில் எடுத்துச் சொன்னார். புனித பெர்நார்துவின் செபம் என்று நம் செபப் புத்தகங்களில் உள்ளதே, அந்தச் செபந்தான்.

அவர் தம்மை ஆண்டவரிடம் கையளித்த விதந்தான் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. ‘என்னைக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடும்’ என்று அவர் கேட்கவில்லை. மறுவாழ்வில் உம்மை அன்புசெய்ய எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றாலும், இந்த வாழ்விலாவது முழுமனத்தோடு உம்மை அன்புசெய்வேன் என்ற பொருளில் மன்றாடினார். அச்சம் எப்போதும் ‘நான்’, ‘எனக்கு’ என்றே பேசும். இந்த மன்றாட்டுக்கு முன் அதற்குப் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. எழுந்தபோது, தொழுநோயின் செதில்கள் உதிர்வதுபோல் அந்த நோய் தம் காலடியில் விழுந்ததாக அவர் உணர்ந்தார்.

அதோடு எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. பதுவையில் சட்டம் படித்த நாள்களில் அதே கேள்வி மறுபடியும் தலைதூக்கியது. இம்முறை ஓடி ஒளியவில்லை. புனித அகுஸ்தினையும் புனித தோமாவையும் படித்தார். அவர்கள் பாதத்தில் பணிந்துகொண்டே, சிலுவையில் அறையுண்ட கிறிஸ்துவை அறிந்தால் தமக்குப் போதும் என்று எழுதிவைத்தார்.

1593இல் குருவானார். மறு ஆண்டே ஷாப்லே பகுதிக்குப் போனார். அங்கே கத்தோலிக்கர் மிகச் சிலரே. மறையுரை கேட்க ஆள் வராதபோது, துண்டுத் தாள்களில் எழுதி வீட்டுக் கதவுகளுக்கு அடியில் செருகினார். இதனால் எழுத்தாளர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் அவர் பாதுகாவலர். வானொலியில் பேசும் எங்களுக்கும் அவர்மேல் கொஞ்சம் உரிமை உண்டு!

அந்த ஆறு வாரங்களைப்பற்றி நமக்கு எப்படித் தெரியவந்தது? அவர் மேடையில் நின்று சாட்சி சொல்லவில்லை. 1604ஆம் ஆண்டு தவக்காலத்தில் திஜோன் நகரில் ஓர் இளம் கைம்பெண் அவரைச் சந்தித்தார். கணவரை வேட்டை விபத்தில் பறிகொடுத்து, நான்கு பிள்ளைகளோடு தனித்து நின்றவர், புனித ஷாந்தால் யோவான்னா. விசுவாசத்துக்கு எதிரான சோதனைகள் அவரை விடாமல் வாட்டின. அவரைத் தேற்றுவதற்காகவே, தமக்கு நேர்ந்ததை ஆயர் அவரிடம் சொன்னார். ஆயர் இறந்தபின், புனிதர் பட்ட விசாரணையில் அந்தத் தாய் அதைச் சாட்சியாகச் சொன்னதால்தான் அது இன்று நம் காதில் விழுகிறது.