கருச்சிதைவுச் சிகிச்சையைக் கருக்கலைப்புச் சட்டம் தடுக்குமா?

தடுக்காது. கருவின் இதயத்துடிப்பு நின்றுவிட்டதென ஸ்கேனில் உறுதியானாலோ, கரு தானாகவே கலைந்து அதன் பகுதிகள் கருப்பையில் தங்கிவிட்டாலோ, அதற்கான சிகிச்சை கருக்கலைப்பு ஆகாது. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் விதிக்கும் வார வரம்புகள் அதற்குப் பொருந்தா.

சிக்கல் எழுவது வேறொரு நிலையில். ஐந்தாம் மாதத் தொடக்கத்திலேயே பனிக்குடம் உடைந்துவிடுகிறது. குழந்தை பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆயினும் இதயத்துடிப்பு இருக்கிறது. அது நிற்கும்வரை காத்திருந்தால் கருப்பையில் தொற்று உண்டாகி, இரத்தத்தில் பரவி, தாயின் உயிரையே பறிக்கக்கூடும். அயர்லாந்தில் 2012-இல், 17 வாரக் கர்ப்பிணியான சவிதா ஹலப்பனவர் இவ்வாறே இறந்தார். துடிப்பு இருந்தவரை கருவை அகற்ற மறுத்தனர்.

நம் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இதற்கு வழி வைத்துள்ளது. தாயின் உயிரைக் காக்க உடனடியாகத் தேவை எனப் பதிவுபெற்ற மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்துடன் கருதினால் போதும். 20 வாரம், 24 வாரம் என்ற வரம்போ இரண்டாம் மருத்துவரின் கருத்தோ அப்போது தேவையில்லை.

கணவரின் கையொப்பத்திற்காகக் காத்திருக்கும் குடும்பங்களை இன்றும் காண்கிறோம். சட்டம் அதைக் கேட்பதில்லை. 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதலே போதும். சிறுமியெனில் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்.

வீட்டில் மாத்திரை உட்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சிகிச்சைக்கு அத்தகவல் அவசியம். காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, ஒரு மணி நேரத்திலேயே துணிப்பட்டை நனையுமளவு இரத்தப்போக்கு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.