ஆயிரம் விளக்கு எதற்காக எரிந்தது?

எங்க அடையாறில் எல்.பி. ரோடு என்று தினமும் சொல்கிறோம். அந்த ‘எல்.பி.’ என்பது லேட்டிஸ் பிரிட்ஜ் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், காரணம் எப்போதோ உதிர்ந்து போயிருக்கும். சென்னையில் இதற்குப் பெரிய உதாரணம் ஆயிரம் விளக்கு. சட்டமன்றத் தொகுதி இருக்கிறது, மு.க. ஸ்டாலின் முதன்முதலில் 1989ல் ஜெயித்தது அங்கேதான். மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. விளக்கு எங்கே, எதுக்கு ஏற்றினாங்க?

அண்ணா சாலையும் பீட்டர்ஸ் ரோடும் சேரும் இடத்தில் இரண்டு உயரமான மினாராக்களுடன் நிற்கும் ஷியா பள்ளிவாசலுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பள்ளிவாசலுக்கு முன் அந்த இடத்தில் இருந்தது ஒரு கூட்ட மண்டபம். முஹர்ரம் மாதத்தில் ஷியாக்கள் அங்கே கூடுவார்கள், அதை வெளிச்சமாக்க ஆயிரம் எண்ணெய் விளக்குகள் தேவைப்பட்டன, பெயர் அப்படி வந்தது. இதுதான் எல்லாரும் சொல்லும் கதை.

கூடவே இன்னொரு வரியும் வரும்: ‘1810ல் நவாப் உம்தத்-உல்-உமரா கட்டியது.’ இதை அப்படியே காப்பி பேஸ்ட் செய்யாத இணையப் பக்கம் குறைவு. ஆனால் உம்தத்-உல்-உமரா 1801 ஜூலையிலேயே இறந்துவிட்டார். அவர் இறந்த அதே மாதத்தில் கம்பெனி அஸீம்-உத்-தௌலாவைப் பட்டத்தில் உட்கார வைத்து, கர்நாடக நாட்டின் நிர்வாகத்தை மொத்தமாக எழுதி வாங்கிக்கொண்டது. ஆகவே ஆண்டு சரியென்றால் ஆள் மாற வேண்டும், ஆள் சரியென்றால் ஆண்டு மாற வேண்டும். 1810 என்றே வைத்துக்கொண்டால், அது நாடு போய், பட்டமும் பென்ஷனும் மட்டும் மிஞ்சிய ஒரு நவாபின் காலம்.

முஹர்ரம் ஹிஜ்ரி ஆண்டின் முதல் மாதம். இஸ்லாத்தில் புனிதமான நான்கு மாதங்களில் ஒன்று. அதன் பத்தாம் நாள் ஆஷூரா. சுன்னி முஸ்லிம்களுக்கு அது நோன்பு நாள்; மூசா நபி ஃபிர்அவ்னிடமிருந்து காப்பாற்றப்பட்ட நாள் என்று ஒன்பதும் பத்தும் சேர்த்து நோன்பு வைப்பார்கள். தமிழ் முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் சுன்னிகள் என்பதால் நம்மில் பலருக்குத் தெரிந்த ஆஷூரா இதுதான். ஷியாக்களுக்கு அதே நாள் துக்கத்தின் உச்சம். கி.பி. 680ல் கர்பலாவில் நபியின் பேரன் ஹுசைன், யஸீதின் படையால் தண்ணீர் மறிக்கப்பட்டு, குடும்பத்தாருடனும் தோழர்களுடனும் கொல்லப்பட்ட நாள். முதல் பிறையிலிருந்தே கருப்பு உடை, கல்யாணம் கிடையாது, இரவானால் மஜ்லிஸ் என்ற கூட்டம். கர்பலா கதையை நாளுக்கு ஒரு பகுதியாகச் சொல்வார்கள், மர்சியா என்ற இரங்கற்பா பாடுவார்கள், மார்பில் அடித்து அழுவார்கள்.

சரி, ஏன் ஆயிரம் விளக்கு? பக்தி, ஆடம்பரம் எல்லாம் இருக்கட்டும். நாட்காட்டியைப் பார்த்தால் இன்னொரு காரணமும் தெரிகிறது. ஹிஜ்ரி மாதம் பிறை பார்த்துத் தொடங்குவது. நாள் தொடங்குவது மாலையில். முதல் இரவின் பிறை சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்திலேயே மறைந்துவிடும். பிறகு ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதம். ஐந்தாம் இரவில் பத்து, பத்தரை மணிக்கு நிலா போயிருக்கும். பத்தாம் இரவில்தான் நடுநிசி தாண்டி இரண்டு மணி வரை தாக்குப்பிடிக்கும். அதாவது எந்த வருடமானாலும், எந்தப் பருவத்தில் வந்தாலும், இந்தப் பத்து நாள் துக்கம் இருட்டில்தான் தொடங்கியாக வேண்டும். நம்ம ஊர்த் தைப்பூசம், சித்திரைத் திருவிழா எல்லாம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் அவற்றுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. 1810க்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஆஷூரா பிப்ரவரி 15, ஒரு நாள் முன்பின். மின்சாரம் இல்லாத மவுண்ட் ரோட்டில் அதற்கு முந்தைய ஒன்பது ராத்திரிகளை நினைத்துப் பாருங்கள்.

மண்டபத்துக்கு வெளியே நடந்தது வேறு மாதிரி. அதற்கு நல்ல சாட்சி ‘கானூன்-இ-இஸ்லாம்’. ஏலூரைச் சேர்ந்த ஜாஃபர் ஷரீஃப் தக்னியில் எழுத, மதராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்த ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலமாக்கி 1832ல் லண்டனில் வெளியிட்டார். முஹர்ரம் அத்தியாயம் நீளமானது, பிரமாதமானது. ஆஷுர்கானா முன் குழி தோண்டி நெருப்பு மூட்டிச் சுற்றி ஆடுவது, உள்ளங்கை வடிவ உலோகச் சின்னங்களைக் கம்பில் ஏற்றித் தூக்கி வருவது, மூங்கிலும் காகிதமுமாகச் செய்த ஹுசைனின் கல்லறை மாதிரிகள், நேர்த்திக்கடனாக பக்கீர் வேஷம் போட்டவர்கள், நடுவில் புலி வேஷம். (1921ல் வில்லியம் க்ரூக் இந்நூலை மாற்றி அடுக்கிப் புதுப் பதிப்பு போட்டார். படிப்பதானால் பழையதையே படியுங்கள்.)

அந்த ஊர்வலத்தில் எழும் ‘யா ஹசன்! யா ஹுசைன்!’ என்ற ஓலம் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காதில் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்று விழுந்தது. 1886ல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்திய அகராதிக்கு அதுவே தலைப்பானது. ஹென்றி யூலுடன் அதைத் தொகுத்தவர் ஏ.சி. பர்னெல். கல்வெட்டு ஆர்வலர்களுக்கு இவர் தென்னிந்திய எழுத்தியல் நூலால் தெரிந்தவர், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். பேரனை இழந்த ஒரு குடும்பத்தின் ஓலம், கேட்டவன் காதில் வேடிக்கைச் சொல்லாகி, அகராதி அட்டையில் ஏறிவிட்டது. அகராதி எனக்கும் பிடிக்கும். தலைப்பு மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.

அந்த ஓலம் கப்பலும் ஏறியது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. நேட்டாலுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். பின்னால் வந்தவர்களையும் சேர்த்து அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். ஆனாலும் கரும்புத் தோட்டங்களில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கொண்டாடிய பெரிய விழா முஹர்ரம். வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘கூலி கிறிஸ்துமஸ்’. ட்ரினிடாடில் அதன் பெயர் ஹோசே; ஹுசைன்தான் அப்படித் திரிந்தார். 1884ல் ஊர்வலம் நகரத்துக்குள் வரக்கூடாது என்று அரசு தடை போட்டது. மீறி வந்தவர்கள் மீது அக்டோபர் 30 அன்று சான் ஃபெர்னாண்டோவில் போலீஸ் சுட்டது, பலர் செத்தார்கள். அந்தத் தேதியை ஹிஜ்ரிக்கு மாற்றினால் 1302 முஹர்ரம் 10. சுட்டது ஆஷூரா அன்றே.

இந்தியாவில் அடங்கியதற்கு இரண்டு பக்கமும் காரணம் உண்டு. தெருவில் கூட்டம் கூடுவதை போலீஸ் விரும்பவில்லை. புலி வேஷமும் மேளமும் மார்க்கத்தில் இல்லாதவை என்று சுன்னி ஆலிம்கள் தொடர்ந்து கண்டித்தார்கள். ஷியாக்களுக்கும் தங்கள் துக்கத்தைச் சுற்றி நடந்த கூத்து எல்லாம் பிடித்திருக்காது என்றே நினைக்கிறேன். இருவர் நியாயமும் புரிகிறது. ஆனால் ஒரு பட்டணமே சேர்ந்து இருட்டில் விளக்கேற்றிய பத்து நாட்கள், பெரும்பாலானவர்களுக்கு காலண்டரில் ஒரு சிவப்புத் தேதியாகச் சுருங்கியிருக்கிறது. ஆயிரம் விளக்கில் மஜ்லிஸ் இன்றும் நடக்கிறது. வெளியே சிக்னலில் நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை.

முழுசாகப் போய்விடவும் இல்லை. தஞ்சாவூர் பக்கம் காசவளநாடு புதூர் என்ற கிராமம். இந்துக்கள் அதிகம் வாழும் ஊர். முஹர்ரம் பிறந்தால் பத்து நாள் விரதம் இருக்கிறார்கள், உள்ளங்கை வடிவப் பஞ்சாவுக்கு மாலை சாத்தி வீடு வீடாகக் கொண்டு போகிறார்கள், கடைசியில் பூக்குழி இறங்குகிறார்கள். ஜாஃபர் ஷரீஃப் எழுதிவைத்த அதே உள்ளங்கை, அதே நெருப்புக் குழி. அந்த ஐந்து விரல்கள் நபி, அலி, ஃபாத்திமா, ஹசன், ஹுசைன் என்ற ஐவர். ஊர்க்காரர்களுக்கு அது அல்லா சாமி.